தாயக்கட்டையை உருட்டி கேம் டிசைன் கற்போம்

"கேம் பண்ணப் போறேன் மச்சி" என்று ஒருத்தன் சொன்னால் அடுத்து என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஹாஸ்டல் வைஃபையில் யூனிட்டி டவுன்லோடு ஆரம்பிக்கும். யூடியூபில் பத்து மணி நேர டுடோரியல் ஒன்று சேவ் ஆகும். மூணு வாரம் கழித்து பச்சைத் தரை மேல் ஒரு நீலப் பெட்டி இடமும் வலமும் நகரும். அதுக்குள்ள இன்டர்னல் வந்துடும். நீலப் பெட்டி அங்கேயே நிற்கும்.

அவன் கற்றது வீண் இல்லை, அது கேம் டெவலப்மென்ட். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் அது ஒரு எலெக்டிவாகவே இருக்கிறது. கேம் டிசைன் அதற்கு முன்னால் வரும் வேலை. ஆடுகிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, செய்தால் என்ன கிடைக்கும், தோற்ற பிறகும் ஏன் "இன்னொரு ஆட்டம்" என்று கேட்கிறார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட லேப்டாப்பே வேண்டாம். ஒரு ஜோடி தாயக்கட்டை, சாக்பீஸ், கொஞ்சம் புளியங்கொட்டை போதும். பாட்டி வீட்டில் பித்தளைக் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, உருளும் சத்தமே தனி.

முதல் தாயம் எப்போ விழும்?

விதிகளை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்வோம். நீளமான கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: 0, 1, 2, 3. இரண்டையும் கூட்ட வேண்டும். இரண்டிலும் 0 விழுந்தால் 12. கூட்டுத்தொகை 1 வந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் நம்ம காய் போய் விழுந்தால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் வெளியே போய் மறுபடி தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நின்றால் வெட்ட முடியாது. உங்க வீட்டு விதி வேற மாதிரி இருந்தா சண்டைக்கு வராதீங்க. வீட்டுக்கு வீடு விதி மாறுகிறதே, அப்படி மாற்றிய ஒவ்வொருவரும் தெரியாமலே கேம் டிசைன் செய்தவர்கள்தான்.

இப்போது கணக்கு. நாலு முகமும் சம வாய்ப்போடு விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ இரண்டே வழி, 0-1 அல்லது 1-0. ஆக ஒரு உருட்டலில் 8-க்கு 1. லூடோவில் 6 விழ வேண்டும், 6-க்கு 1. அப்போ லூடோவை விட தாயம் கடினமா?

அவசரப்படாதீங்க, மறு உருட்டல் இருக்கிறது. 5 விழ இரண்டு வழி, 6-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று. ஆக 16-இல் 4 தடவை தாயமும் விழாது, கட்டையும் கையை விட்டுப் போகாது. மிச்சம் 10 தடவை 2, 3, 4 விழுந்து முறை அடுத்தவருக்குப் போகும். ஒரு முறையில் தாயமே விழாமல் போகும் வாய்ப்பை 'வ' என்று வைத்தால், வ = 10/16 + (4/16) × வ. தீர்த்துப் பாருங்கள், வ = 5/6. அதாவது ஒரு முறைக்குத் தாயம் விழும் வாய்ப்பு சரியாக 1/6. லூடோவும் தாயமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! முதல் தாயம் விழும் வரை மறு உருட்டல் தரமாட்டோம் என்று சொல்லும் வீடுகளில் மட்டும் அது 1/8 ஆகவே இருக்கும்.

அடுத்த கேள்வி டிசைனருடையது. 1/6 என்றால் ஆடுகிறவருக்கு எப்படி இருக்கும்? ஆறு முறை முடிந்தும் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 5/6-இன் ஆறாம் அடுக்கு, சுமார் 33 சதவீதம். நாலு பேர் ஆடினால், ஆறு சுற்று முடிந்த பிறகும் குறைந்தது ஒருவராவது வெளியே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். ஒவ்வொரு முறைக்கும் 20 நொடி என்று பார்த்தால், அந்த ஆள் எட்டு நிமிஷமாகக் கட்டையை உருட்டிக் கொடுத்துவிட்டு மத்தவங்க ஆடுறதை வேடிக்கை பார்க்கிறார். பாட்டி வீட்டுத் திண்ணையில் இது பிரச்சினையே இல்லை. எட்டு நிமிஷமும் ஊர்க்கதை ஓடும். அதே விதியை அப்படியே போன் ஆப்பாக எடுத்தால் இரண்டாவது நிமிஷத்தில் இன்ஸ்டாவுக்குப் போய்விடுவார்கள். விதி ஒன்றுதான். ஆடும் இடம் மாறினால் ஆட்டமும் மாறிவிடுகிறது.

இந்தச் சிந்தனைக்கு ஒரு பேர் உண்டு. ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஸூபெக் என்ற மூவர் 2004-இல் எழுதிய கட்டுரையில் கேமை மூணு அடுக்காகப் பிரித்தார்கள்: மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெடிக்ஸ். மூன்றின் முதல் எழுத்தைச் சேர்த்து எம்.டி.ஏ. என்பார்கள். மெக்கானிக்ஸ் என்றால் விதி: தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். டைனமிக்ஸ் என்றால் அந்த விதியால் ஆட்டம் ஓடும்போது நடப்பது: ஒருவர் வெளியே மாட்டிக்கொள்கிறார், மற்றவர்கள் முன்னேறுகிறார்கள். ஈஸ்தெடிக்ஸ் என்றால் ஆடுகிறவர் மனசில் எழுவது: எரிச்சல், ஏக்கம், கடைசியில் தாயம் விழும்போது வரும் அந்தக் கத்தல். டிசைனர் கை வைக்க முடிந்தது முதல் அடுக்கில் மட்டும்தான். ஆடுகிறவர் பார்ப்பதோ மூன்றாவது அடுக்கிலிருந்து. நடுவில் இருப்பதை நேராகத் தொட யாராலும் முடியாது, அதனால்தான் இந்த வேலை கஷ்டம்.

சரி, தொட்டுப் பார்ப்போம். காத்திருப்பைக் குறைக்க இரண்டு வழி. முதலாவது, 1 அல்லது 5 எது விழுந்தாலும் காய் இறங்கலாம் என்று மாற்றுவது. அதே சமன்பாட்டைப் போட்டால் ஒரு முறைக்கான வாய்ப்பு 2/7 ஆகிறது, ஆறு முறைக்குப் பிறகும் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் 13 சதவீதம் ஆகக் குறைகிறார்கள். இரண்டாவது வழி, ஐந்து முறை தொடர்ந்து விழாவிட்டால் ஆறாவது முறை காய் இலவசமாக இறங்கும் என்பது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் 5/6-இன் ஐந்தாம் அடுக்கு சுமார் 40 சதவீதம். ஐந்து பேரில் இரண்டு பேர் இலவசத்தில்தான் இறங்குவார்கள். தாயம் என்ற பேரை வைத்துக்கொண்டு தாயத்துக்கே மதிப்பில்லாமல் செய்த மாதிரி. வரம்பைப் பத்து முறை என்று வைத்தால் 16 சதவீதம் பேருக்கு மட்டும் இலவசம், ஆனால் பத்து முறை காத்திருப்பது நிஜமாகவே கொடுமை. என்னைக் கேட்டால் போன் ஆப்புக்கு முதல் வழி, திண்ணைக்குப் பழைய விதி. நீங்க வேற பதில் சொல்லலாம். காரணத்தை எண்ணோடு சொல்லணும், அவ்வளவுதான். பைத்தானில் பத்து வரி எழுதி ஒரு லட்சம் ஆட்டம் ஓட்டிப் பார்த்தால் இந்த எண்களை நீங்களே சரிபார்க்கலாம்.

தாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு ஒன்று. பல வீடுகளில், ஒரு வெட்டாவது வெட்டியிருந்தால்தான் உங்கள் காய் உள்கட்டத்துக்குள் போய்ப் பழமாக முடியும். இந்த ஒரு விதி இல்லையென்றால் ஆட்டம் எப்படி இருக்கும்னு யோசிங்க. எல்லோரும் பெருக்கல் குறிக் கட்டமாகப் பார்த்துப் பார்த்துத் தாவி, யாரையும் தொந்தரவு செய்யாமல் வீடு போய்ச் சேருவார்கள். பாதுகாப்பாக ஆடுவது எப்போதும் லாபம் என்றால் ஆட்டம் செத்துப்போகும். அதைத் தடுக்க ஒரே வாக்கியத்தில் விதி வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

எங்கே முடிவெடுக்கிறார்?

பரமபதத்தில் ஆடுகிறவர் எதையுமே முடிவு செய்வதில்லை. உருட்டுகிறார், நகர்த்துகிறார், ஏணி ஏற்றுகிறது, பாம்பு இறக்குகிறது. ஆடு புலி ஆட்டம் நேர் எதிர். 3 புலி, 15 ஆடு, கட்டையே கிடையாது, எல்லாமே முடிவுதான். தாயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எண்ணைக் கட்டை தரும், எந்தக் காயை நகர்த்துவது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். உங்கள் கேமை இந்தக் கோட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ஷ்டம் அதிகமானால் ஆறு வயசுக் குழந்தையும் அறுபது வயசுத் தாத்தாவும் சேர்ந்து ஆடலாம். முடிவு அதிகமானால் தெரிந்தவர் தெரியாதவரை நசுக்கிவிடுவார், ஆனால் தோற்றவருக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. மேலே பார்த்த 'இத்தனை தடவை விழாவிட்டால் உறுதியாகத் தருவோம்' என்ற விதி போன் கேம்களில் காசு பார்க்கும் கருவி. கென்ஷின் இம்பாக்டில் 90 இழுப்புக்குள் ஒரு 5 நட்சத்திரம் உறுதி என்பது அதே கணக்குதான். எழுபதாவது இழுப்பில் நிற்கிறவனுக்கு 'இன்னும் இருபதுதானே' என்று தோன்றும். அந்த எண்ணத்துக்குத்தான் விலை. இதில் நேரடிப் பணமும் கலந்தால் என்ன ஆகும் என்பது நமக்குச் செய்தித்தாள் தெரிவித்த விஷயம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, 2022-இல் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது, அந்த ஆண்டே சட்டமும் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நாளைக்கு உங்களில் ஒருவர் வேலைக்குப் போகும் இடத்தில் 'இந்த எண்ணை 60-இலிருந்து 90 ஆக்கு' என்று டிக்கெட் வரும். அது என்ன செய்யும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் அந்த அறையில் நீங்கள் மட்டுமாக இருக்கலாம். அப்போது வாயைத் திறப்பீர்களா என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம்

எந்த எஞ்சின் என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. கோடோ இலவசம், ஓப்பன் சோர்ஸ், பழைய லேப்டாப்பிலும் ஓடும். முதல் கேமுக்கு அது தாராளம்.

குதித்து ஓடும் கேம் எடுத்துக்கொள்வோம். நம்ம ஆட்கள் எஞ்சினில் ஈர்ப்பு விசைக்கு 9.8 போட்டுவிட்டு, குதிக்கும் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு கட்டம் 1 மீட்டர், ஹீரோ 3 கட்டம் குதிக்க வேண்டும் என்றால், 9.8-இல் உச்சிக்குப் போகவே 0.78 நொடி. ஏறி இறங்க ஒன்றரை நொடி. ஹீரோ பலூன் மாதிரி மிதப்பார். பிளஸ் டூ இயற்பியலைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் உங்களுக்கு என்ன வேண்டும்னு முடிவு பண்ணுங்க: உயரம் 3 கட்டம், உச்சிக்குப் போக 0.4 நொடி. ஈர்ப்பு = 2 × உயரம் ÷ நேரத்தின் வர்க்கம், அதாவது 6 ÷ 0.16 = 37.5. தொடக்க வேகம் = 2 × உயரம் ÷ நேரம், அதாவது 15. பூமியை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஈர்ப்பு! ஆனால் கையில் ஆடிப் பார்த்தால் இதுதான் 'நிஜமா' இருக்கும்.

இறங்கும்போது ஈர்ப்பை இரட்டிப்பாக்கினால் இன்னும் கெட்டியாக இருக்கும். இறங்கும் நேரம் 0.4-ஐ ரூட் 2-ஆல் வகுத்தால் 0.28. மொத்தம் 0.68 நொடி. ஓடும் வேகம் நொடிக்கு 6 கட்டம் என்றால் ஒரு குதி தாண்டும் தூரம் 4.1 கட்டம். இப்போது உங்கள் லெவலில் பள்ளம் எவ்வளவு அகலம் வைக்கலாம் என்பது தானாக வந்துவிட்டது. 3 கட்டம் சாதாரணம், 4 கட்டம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டியது, 5 வைத்தால் முடியவே முடியாது. முன்னாடியே கணக்குப் போடாத டீம், லெவல் வரைந்து முடித்த பிறகு ஓடும் வேகத்தை லேசாக மாற்றும், எல்லாப் பள்ளமும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும். அதுவும் டெமோவுக்கு முந்தின ராத்திரி.

இன்னொரு சின்ன ஏமாற்று வேலை. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் 0.1 நொடி வரை குதிக்க அனுமதிப்பது. 2018-இல் வந்த செலஸ்ட் உள்பட பல கேம்களில் இது உண்டு, கயோட்டி டைம் என்பார்கள். நம்ம வேகத்தில் அது 0.6 கட்டம். ஆடுகிறவர் 'நான் கரெக்டாத்தான் அமுக்கினேன்' என்று நம்புவார். உண்மையில் தாமதமாகத்தான் அமுக்கியிருப்பார். அவர் மனசில் இருக்கும் நியாயத்துக்கு ஏற்ப இயற்பியலை வளைக்கிறோம், அவருக்கு எதிராக இல்லை என்பதால் இது எனக்கு உறுத்தவில்லை.

சொல்லாமல் சொல்லிக்கொடுப்பது

1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் லெவலை ஒரு தடவை ஆடிப் பாருங்கள், கையில் நோட்டோடு. திரையில் ஒரு வரி விளக்கம் இல்லை. மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், வலது பக்கம் காலி, ஆகவே வலது பக்கம் போகிறோம். எதிரே ஒரு கூம்பா நடந்து வருகிறது. முட்டினால் சாவு. லெவல் இப்போதுதான் தொடங்கியது என்பதால் இழப்பு நாலு நொடி மட்டுமே. அடுத்த தடவை குதிக்கிறோம், பக்கத்தில் மேலே இருக்கும் கேள்விக்குறிப் பெட்டியில் தலை இடிக்கிறது, காசு வருகிறது. அடுத்த பெட்டியில் காளான் வருகிறது. அது வலது பக்கமாக ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. கூம்பாவைப் பார்த்துப் பயந்தவர் இதையும் பார்த்துப் பயப்படலாம், ஆனால் தலைக்கு மேல் செங்கல் இருப்பதால் தாவித் தப்பிப்பது சுலபமில்லை. தொட்டுவிடுகிறோம், மாரியோ பெரிதாகிறார். எதிரி எது, நண்பன் எது என்ற பாடம் முதல் நிமிஷத்துக்குள் முடிந்தது. நம்ம கல்லூரி கேம்களில் ஆரம்பத்திலேயே மூணு பக்கம் 'எப்படி ஆடுவது' என்று எழுதியிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை, எழுதியவனும் படித்திருக்கமாட்டான்.

ஒரே யோசனை போதும்

அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் நார்பாகுலர் டிராப் என்று ஒரு கேம் செய்தார்கள். சுவரில் இரண்டு வாசல் திறக்கலாம், ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். அவ்வளவுதான் யோசனை. கதாநாயகி இளவரசி நோ-நீஸ், பேரிலேயே முட்டி இல்லை, அதனால் குதிக்க மாட்டாள். குதிக்க முடிந்தால் பாதிப் புதிர் வாசல் இல்லாமலே முடிந்துபோகும் அல்லவா? குதிப்பை எடுத்ததால் வாசல் ஒன்றே வழி ஆனது. வால்வ் நிறுவனம் இதைப் பார்த்து அந்த டீமையே வேலைக்கு எடுத்தது. 2007-இல் போர்ட்டல் வந்தது. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 'ஓப்பன் வேர்ல்டு, மல்டிபிளேயர், ஸ்டோரி மோடு' என்று அப்ஸ்ட்ராக்ட் எழுதி வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் கவனிக்கவும்.

செய்ததை மற்றவரிடம் ஆடக் கொடுத்துப் பார்ப்பது கடைசி வேலை இல்லை, முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது. ரூம்மேட்டிடம் கொடுக்காதீங்க. 'செம மச்சி' என்பான், அதை வைத்து ஒண்ணும் பண்ண முடியாது. உங்களைத் தெரியாத வேறு டிபார்ட்மென்ட் ஆளிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'அந்தப் பட்டனை அமுக்குங்க' என்று நாக்கு துடிக்கும், அடக்குங்கள். கேம் விற்கும்போது பாக்கெட்டுக்குள் உங்களை வைத்து அனுப்ப முடியாது. எந்த நொடியில் தயங்கினார், எங்கே சிரித்தார், எப்போது போனை எடுத்தார் என்று மட்டும் எழுதுங்கள். 'பிடிச்சுதா?' என்று கேட்காமல் 'இப்போ என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதையும் நீங்கள் நினைத்த கதையும் எங்கே பிரிகிறதோ அங்கே வேலை இருக்கிறது. அவர் சொல்லும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், சொல்லும் வலியை மட்டும் நம்புங்கள். 'டைமர் வேண்டாம்' என்பார், உண்மையில் எழுத்து சின்னதாக இருந்து படிக்க நேரம் போதாமல் இருக்கும்.

இந்த வாரத்துக்கான பயிற்சி

சாக்பீஸ் எடுத்துத் தாயக்கட்டம் போடுங்கள். ஒரே ஒரு விதியை மாற்றுங்கள், இரண்டு வேண்டாம். மாற்றுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எண்ணோடு எழுதி மடித்து வையுங்கள்: ஆட்டம் எத்தனை நிமிஷம், எத்தனை வெட்டு, கடைசி ஆள் முதல் காயை இறக்க எத்தனை சுற்று. பழைய விதியில் மூணு ஆட்டம், புது விதியில் மூணு ஆட்டம், ஆட்களை மாற்றாமல். பித்தளைக் கட்டை வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் தனியாக 200 தடவை உருட்டி நாலு முகமும் 50-ஐ ஒட்டி விழுகிறதா என்று எண்ணிவிடுங்கள். கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் நாம் மேலே போட்ட கணக்கு முழுக்க மாறும். அப்புறம் உங்கள் பாட்டி ஏன் எப்போதும் ஜெயிக்கிறார் என்பதற்கும் விடை கிடைக்கலாம்.